உரிமை உண்டு, ஆள் இல்லை: அரசின் மனநலக் கொள்கை பற்றி ஓர் இறையியல் திறனாய்வு

மனநோயுற்றோரைக் குறித்து அரசு வகுக்கும் கொள்கை இறையியலாருக்கு உரிய பொருளா என்று சிலர் வினவக்கூடும். நோயும் மருந்தும் மருத்துவருக்கு உரியவை, சட்டமும் நிதியும் ஆட்சியாளருக்கு உரியவை, ஆத்துமா மட்டுமே ஆயருக்கு உரியது என்னும் பிரிவினை நம் சபைகளில் இன்னும் வேரூன்றி நிற்கிறது. ஆனால் வாழ்க்கை இப்பிரிவினையை ஏற்பதில்லை. வீட்டில் ஒருவர் உறக்கமின்றித் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், குடும்பத்தார் முதன்முதல் செல்லும் இடம் பல வேளைகளில் மருத்துவமனையன்று. போதகரின் வீடு, ஜெபக்கூட்டம், அல்லது வேறு சமயத்தாரின் வழிபாட்டிடம். அங்கே சொல்லப்படும் முதல் வார்த்தையைப் பொறுத்தே அவர் மருத்துவரைக் காண்பது இம்மாதமா, பத்து ஆண்டுகள் கழித்தா என்பது முடிவாகிறது. எனவே இப்பொருள் நமக்கு அயலானதன்று.

இக்கட்டுரையில் இந்திய அரசின் மனநலக் கொள்கையை, சிறப்பாக 2014-ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கையையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும், ஒரு வேதப்பகுதியை ஆராயும்போது நாம் கொள்ளும் கவனத்தோடு ஆராய முற்படுகிறோம். நம் முடிவை முன்னரே கூறிவிடுவது நலம். இச்சட்டம் நோயுற்றவருக்கு உரிமைகளைத் தாராளமாக வழங்கியுள்ளது. அவ்வுரிமைகளை அவருடைய வாசலுக்குக் கொண்டு சேர்க்கும் ஆட்களை அரசு போதுமான அளவில் வழங்கவில்லை. இக்குறையைச் 'சமுதாயம்' என்னும் ஒரு சொல்லால் மூடி வைத்திருக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

1. கொள்கை கடந்து வந்த பாதை

ஆங்கிலேயர் ஆட்சியில் மனநோயுற்றோரைப் பற்றிய கொள்கை மதிற்சுவர்க் கொள்கையாகவே இருந்தது. 1912-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களைப் 'பித்தர்' என்றே குறித்தது. அவர்களை அடைத்து வைப்பதன் வாயிலாகப் பிறரைப் பாதுகாப்பதே அதன் முதல் நோக்கம். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 10,000 மனநோய்ப் படுக்கைகளே இருப்பதை எடுத்துக்காட்டியது.

விடுதலைக்குப் பின் மாற்றத்திற்கான முதல் முயற்சிகள் சில தனி மருத்துவர்களிடமிருந்தும் திருச்சபையின் அருட்பணி நிலையங்களிலிருந்தும் வந்தன. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். மெதடிஸ்ட் அருட்பணியாளர் ஸ்டான்லி ஜோன்ஸ் 1950-இல் லக்னோவில் நூர் மன்சில் என்னும் மனநல நிலையத்தை நிறுவினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல நிலையத்தில், குடும்பத்தார் நோயாளியின் அருகிலேயே தங்கிப் பராமரிப்பைக் கற்றுக்கொள்வது முறையாக்கப்பட்டது.

அரசு இத்திசையில் திரும்பியது 1982-இல். அவ்வாண்டு ஏற்கப்பட்ட தேசிய மனநலத் திட்டம், மனநலப் பணியைப் பொது மருத்துவத்தோடு இணைக்க வேண்டும் என்று கூறியது. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இதைச் செய்து காட்டியது. ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவரும் பணியாளரும் அடிப்படைப் பயிற்சி பெற்றனர். இன்றியமையாத சில மருந்துகள் அங்கேயே கிடைக்கச் செய்யப்பட்டன. இம்முன்மாதிரியைக் கொண்டே மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது; தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி முதலில் தெரிந்துகொள்ளப்பட்டது. 2024-இல் அரசு அளித்த கணக்கின்படி, 767 மாவட்டங்களுக்கு இத்திட்டம் ஒப்புதல் பெற்றுள்ளது.

இவ்வரலாற்றின் நடுவே ஒரு நெருப்பு நிற்கிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்தோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அன்று நடைமுறையில் இருந்தது 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். உரிமம் பெறாத விடுதிகளை அது தடை செய்திருந்தது. சட்டம் இருந்தும், திட்டம் இருந்தும், அவ்விடுதிகளுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். ஏன் வந்தனர் என்னும் வினாவே கொள்கையை ஆராய்வோருக்கு முதல் வினாவாக இருத்தல் வேண்டும். ஊர் அருகே மருத்துவம் இல்லை; வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; தர்காவில் நம்பிக்கை இருந்தது. இம்மூன்றில் முதல் இரண்டும் அரசின் பொறுப்பைச் சார்ந்தவை.

2. சட்டத்தின் வினைச்சொற்கள்

2017-ஆம் ஆண்டின் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நன்மைகளை மனமார ஒப்புக்கொள்வது நேர்மை. மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 18-ஆம் பிரிவு உரைக்கிறது. ஒருவருடைய சமய நம்பிக்கையோ, ஊர் வழக்கத்திற்கு மாறான நடத்தையோ காரணமாக அவரை மனநோயாளர் என்று தீர்க்கக் கூடாது என்று 3-ஆம் பிரிவு கூறுகிறது. எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்பது 95-ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படவேண்டும், தண்டிக்கப்படலாகாது என்பது 115-ஆம் பிரிவு. தற்கொலை செய்துகொண்டவரின் அடக்க ஆராதனையை மறுக்கும் வழக்கம் சில சபைகளில் இன்னும் இருப்பதை எண்ணுகையில், இப்பிரிவில் நாட்டின் சட்டம் சபையைவிட இரக்கத்தில் முந்திக்கொண்டது என்று கூறவே வேண்டும்.

ஆனால் வேதப்பகுதியை ஆராய்வோர் வினைச்சொல்லை உற்றுநோக்கப் பழகியவர்கள். அப்பழக்கத்தை இங்கும் கைக்கொள்வோம். 19-ஆம் பிரிவு, குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதாலோ, வெளியில் தங்குமிடம் இல்லை என்பதாலோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. மிக உயர்ந்த சொல். அப்படியாயின் அவர் எங்கே செல்வார்? இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு அமைக்கும் என்று அதே பிரிவு தொடர்கிறது. எப்போது? 'நியாயமான காலத்திற்குள்.' அக்காலம் எத்தனை ஆண்டுகள் என்பதைச் சட்டம் கூறவில்லை.

31-ஆம் பிரிவு மனநலப் பணியாளரின் எண்ணிக்கையைப் பற்றியது. மக்கள்தொகைக்கு ஏற்ப உலக அளவில் ஏற்கப்பட்ட எண்ணிக்கையை, சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள் எட்டிட அரசு 'முயற்சி செய்யும்' என்கிறது அது. இங்கே காலம் உண்டு. ஆனால் கட்டளை முயற்சி அளவில் நின்றுவிடுகிறது.

இனி, பதிவு செய்யாமல் மனநல இல்லம் நடத்துவோரைப் பற்றிய 107-ஆம் பிரிவைக் காண்போம். முதற் குற்றத்திற்கு 5,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டம். மீண்டும் செய்தால் 2 இலட்சம் வரை. மேலும் தொடர்ந்தால் 5 இலட்சம் வரை. இங்கே தொகை ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டுள்ளது. இத்தண்டனை தேவையற்றது என்பது நம் கருத்தன்று. ஏர்வாடிக்குப் பின் அவ்வாறு கூறுபவர் எவரும் இருக்கலாகாது. விடுதி நடத்துபவனைக் குறித்துப் பேசும்போது இத்துணைத் தெளிவு பெறும் சட்டம், அரசைக் குறித்துப் பேசும்போது ஏன் குரலைத் தாழ்த்துகிறது என்பதே நம் வினா. தீய விடுதியை மூடுவதற்கு விதி இருக்கிறது. மூடிய மறுநாள் அதிலிருந்தவர்கள் எங்கே உறங்குவார்கள் என்பதற்கு அத்தகைய விதி இல்லை.

3. ஆட்களும் பணமும்

2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடைபெற்றது. வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலானோர் (10.6 விழுக்காடு) ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டினால் அப்போது துன்புற்றனர் என்றும், நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை தக்க சிகிச்சை பெறவில்லை என்றும் அது கண்டறிந்தது. சிகிச்சைக்கும் அதற்காகச் செய்யும் பயணத்திற்கும் குடும்பங்கள் மாதந்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டதாகவும் அவ்வாய்வு கூறியது. கூலிக்குச் செல்லும் ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் நாளில், பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் இழக்கிறாள். மருந்து இலவசமாயினும் அதைப் பெறும் பயணம் இலவசமன்று.

நாட்டில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதே நாடாளுமன்றக் குழு 2023-இல் எடுத்துக்காட்டிய எண். குறைந்தது மூவர் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. இந்நிலையில் மாவட்டத்திற்கு ஒரு மனநலக் குழு என்பது, பத்து இருபது இலட்சம் மக்களுக்கு ஒரு மருத்துவரும் ஓர் உளவியலாளரும் ஒரு சமூகப் பணியாளரும் ஒரு செவிலியரும் என்று பொருள்படும். அவர்களுள்ளும் நிரப்பப்படாத இடங்கள் உண்டு. ஒப்பந்த ஊதியத்தில் வந்து, வேறு வேலை கிடைத்ததும் செல்வோர் உண்டு. அவர்கள் மீது நாம் குறை காணவில்லை. மிகப் பெரும் சுமையை மிகச் சிலர் சுமக்கின்றனர்.

பணத்தின் கதையும் இதுவே. 2021-22-ஆம் ஆண்டு நடுவண் அரசு வரவு செலவுத் திட்டத்தில் மனநலத்திற்கென்று காட்டப்பட்டது 597 கோடி ரூபாய். அதில் 500 கோடி பெங்களூர் நிறுவனத்திற்கும், 57 கோடி அசாமின் தேஜ்பூர் நிறுவனத்திற்கும் சென்றன. தேசிய மனநலத் திட்டம் என்னும் தலைப்பில் எஞ்சியது 40 கோடி. மாவட்டத் திட்டத்திற்கான நிதி தேசிய சுகாதார இயக்கத்தின் பொதுத் தொகையிலிருந்து தனியே வருகிறது என்பதையும் நாம் கூற வேண்டும். ஆயினும் அப்பொதுத் தொகையில் பிற நோய்களின் தேவைகளோடு போட்டியிட்டே மனநலம் தன் பங்கைப் பெற வேண்டியிருக்கிறது. வீதிக்கு வந்து கேட்க வலுவில்லாதவர்களின் நோய் அப்போட்டியில் வெல்வது அரிது. உயர்ந்த நிறுவனங்கள் வேண்டும். அவையின்றிப் பயிற்சி பெற்ற ஆட்கள் உருவாகார். ஆயினும் 1982-இல் ஏற்ற கொள்கை பரவலைப் பேச, பணம் மையத்திலேயே தங்குவதை நாம் காண்கிறோம்.

2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் தொலைபேசிச் சேவை ஒரு நற்செயல். இரவு இரண்டு மணிக்கு உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் ஒருவருக்குத் தமிழில் பேசும் குரல் ஒன்று கிடைப்பது சிறிய காரியமன்று. ஒவ்வொரு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் அவ்வெண் எழுதப்பட வேண்டும். எனினும் மருந்தை நிறுத்திவிட்டு அறைக்குள் தாழிட்டுக்கொண்டவர் தொலைபேசியை எடுப்பதில்லை. அவருடைய கதவைத் தட்ட ஒருவர் நடந்து வரவேண்டும்.

பெதஸ்தா குளத்தருகே கிடந்தவனின் நிலை இதுதான் (யோவா. 5:1-9). குளம் இருந்தது. குணமாகும் வாய்ப்பும் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. முப்பத்தெட்டு ஆண்டு நோயுற்றிருந்தவன் ஆண்டவரிடம் குளத்தைக் குறை கூறவில்லை; தன்னைக் கொண்டுபோய் இறக்கிவிட ஆள் இல்லை என்றே முறையிட்டான். விளக்கவுரையாளர் சிலர் இதைச் சோம்பலின் சாக்கு என்று பொருள் கொண்டுள்ளனர். அரசு மருத்துவமனையின் வரிசையில் நின்றறிந்தவர்கள் அவ்வாறு பொருள் கொள்ளார். விரைந்து நடக்கக்கூடியவன் முந்திக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டில், நடக்க இயலாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததற்குச் சமம். நம் மனநலக் கொள்கையின் குறையை இதைவிடச் செவ்வையாக எடுத்துரைக்கும் பகுதி வேறொன்றை நாம் அறியோம்.

4. 'சமுதாயம்' என்பது யார்?

மருத்துவமனையிலிருந்து சமுதாயத்திற்கு என்பது நெடுங்காலமாகவே மனநலக் கொள்கையின் பொது மொழி. இச்சொல் கேட்பதற்கு இனியது. ஆனால் அதன் பின்னே இருப்பவர் யார் என்று தேடினால், பெரும்பாலும் ஒரு பெண்ணைக் காண்போம்: தாய், மனைவி, மணமாகாத தங்கை. 2014-ஆம் ஆண்டுக் கொள்கை பராமரிப்போரின் துன்பத்தை எடுத்துரைக்கத் தவறவில்லை. ஆயினும் அவர்களுக்கு ஒரு வாரம் ஓய்வளிக்கும் இடமோ, அவர்கள் மறைந்தபின் மகனை ஏற்கும் இல்லமோ பெரும்பாலான மாவட்டங்களில் இல்லை. தனக்குப் பின் பிள்ளையின் கதி என்ன என்று கேட்கும் முதிய தாய்க்கு, சமுதாயம் என்னும் சொல் விடையாகாது.

மேலும், சமுதாயம் இயல்பிலேயே நல்லது என்னும் எண்ணத்தை இறையியல் ஏற்க இயலாது. கதரேனர் நாட்டின் கதையில் (மாற். 5:1-20) அம்மனிதனை விலங்கிட்டவர்கள் அவனுடைய ஊரார். கல்லறைகளின் நடுவே அவன் வாழ்ந்ததையும் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்களே. அவன் ஆடையுடுத்தித் தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருக்கக் கண்டபோது அவர்கள் மகிழவில்லை, அஞ்சினார்கள். அவன் குணமானதையும் பன்றிகளுக்கு நேர்ந்ததையும் கேட்டபின், தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி ஆண்டவரையே வேண்டிக்கொண்டார்கள். நம் ஊர்களும் வேறானவையல்ல. சாதியால் பிரிந்த தெருக்களில், ஏழையும் ஒடுக்கப்பட்டவளுமான ஒரு பெண்ணுக்கு மனநோய் வந்தால் அவளை ஏற்கும் சமுதாயம் எத்தெருவில் இருக்கிறது? குணமடைந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளின்றி மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்போரின் நிலையை உச்ச நீதிமன்றமே 2017-இல் ஆராய்ந்து, அவர்களுக்கு மறுவாழ்வு இல்லங்கள் அமைக்க ஆணையிட நேர்ந்தது.

ஆனால் ஆண்டவர் அம்மனிதனைத் தம்மோடு அழைத்துச் செல்லாமல் வீட்டாரிடம் அனுப்பினார் என்பதும் அக்கதையின் பகுதியே. வீடு திரும்புதல் சரியான இலக்கு. அதற்கு வீட்டை ஆயத்தப்படுத்தும் உழைப்பும் செலவும் தேவை. சென்னையைச் சார்ந்த பேனியன் என்னும் தொண்டு நிறுவனம், நீண்ட காலம் மருத்துவமனைகளில் இருந்தவர்களைச் சிலர் சிலராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தி, உடன் ஓர் உதவியாளரையும் வைத்து வாழச் செய்திருக்கிறது. எனவே சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுவது நடவாத காரியமன்று. அரசு மனம் வைத்தால் செய்யக்கூடியதே.

5. ஜெபவீடும் சங்கிலியும்

அரசைக் குறை கூறும் நமக்கு, திருச்சபையின் முற்றத்தை ஆராயாமல் விடும் உரிமை இல்லை. மனநோயுற்றோரைத் தங்கவைத்து, உபவாசமிருக்கச் செய்து, மருந்தை நிறுத்தி, வேளைகளில் கட்டியும் வைக்கும் ஜெபவீடுகள் கிறிஸ்தவர் நடுவிலும் உண்டு. ஏர்வாடியைப் பிற சமயத்தாரின் அறியாமை என்று பிரசங்கிப்பவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். நோயுற்றவரைப் பராமரிப்புக்கென்று தங்கவைக்கும் இடம், சிறிது காலமேயாயினும், சட்டத்தின்படி மனநல இல்லமாகவே கருதப்படும் என்பது நம் கணிப்பு; உறவினரோ நண்பரோ உடன் வாழும் வீட்டிற்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. எனவே ஜெபவீடு நடத்துவோர் பதிவையும் மருத்துவரின் வருகையையும் ஏற்க வேண்டும், இல்லையேல் தங்கவைப்பதை நிறுத்த வேண்டும்.

பிசாசு பிடித்தல் பற்றிய விவாதத்தை இங்கு நாம் தீர்க்கப்போவதில்லை. ஒன்றைமட்டும் கூறுவோம். கதரேனர் நாட்டில் சங்கிலி ஆண்டவர் வருவதற்கு முன்னரே இருந்தது. அது மனிதர் செய்த வேலை. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. அசுத்த ஆவிகளைத் துரத்தும் ஊழியத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இவ்வொரு காரியத்தில் கருத்து வேறுபட வேண்டியதில்லை: கட்டிவைப்பதற்கு நற்செய்தியில் ஆதாரம் இல்லை. மருந்தை விடச் சொல்வதற்கும் இல்லை.

ஜெபமும் மருந்தும் ஒன்றாகச் செல்லக்கூடும் என்பதற்கு, குஜராத்தின் ஊனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவும் பின்னர் ஏர்வாடியும் சான்று. அங்கே மருத்துவக் குழு வழிபாட்டிடத்தை அணுகி, வேண்டுதலைத் தடுக்காமல் மருந்தையும் வழங்க வழி செய்தது. மக்கள் ஏற்கெனவே செல்லும் இடத்திற்கு அரசு தானே நடந்து சென்ற அரிய நேரம் அது. நம் பேராயங்கள் தங்கள் ஜெபவீடுகளின் கதவையும் அவ்வாறு மாவட்ட மனநலக் குழுவிற்குத் திறந்துவிடத் தடையென்ன?

6. நாம் கேட்கவேண்டியதும் செய்யவேண்டியதும்

அரசிடம் நாம் கேட்கவேண்டியவை நான்கு. 'நியாயமான காலம்' என்பதற்கு ஆண்டு ஒன்று குறிக்கப்பட வேண்டும். மாவட்ட மனநலக் குழுவின் ஊதியமும் பணியிடங்களும் நிலையானவையாக்கப்பட வேண்டும். வட்ட மருத்துவமனைவரை மருந்து தடையின்றி வந்தடைய வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு இல்லமாவது எழ வேண்டும். 31-ஆம் பிரிவு குறித்த பத்து ஆண்டுகள் 2028 மே மாதத்தில் நிறைவுறும். அந்நாளில், செய்த முயற்சி யாது என்று அரசிடம் கணக்குக் கேட்கும் குரல்களில் திருச்சபையின் குரலும் ஒன்றாக இருக்கட்டும். எளியவனின் நியாயத்தைக் கேட்பது தீர்க்கதரிசிகள் நமக்கு விட்டுச்சென்ற பணி.

ஆனால் அரசு ஆளை அனுப்பும்வரை சபை காத்திருக்க வேண்டியதில்லை. தன் சேகரத்தில் எந்த வீட்டின் பின்னறையில் எவர் அடைபட்டிருக்கிறார் என்பதைப் போதகர் அறிவார். அறியாவிடில் வேதாகமப் பெண் அறிவார். மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாளைக் கேட்டறிந்து, அக்குடும்பத்தோடு பேருந்தில் ஏறி, வரிசையில் உடன் நிற்பது மருத்துவப் பட்டம் வேண்டாத ஊழியம். கூலி இழந்த நாளுக்கு ஈடுசெய்யச் சபைக் காணிக்கையிலிருந்து சிறிது ஒதுக்கலாம். வெறுமையாய்க் கிடக்கும் பழைய மாணவர் விடுதிகளும் பங்களாக்களும் நம் பேராயங்களில் எத்தனையோ. பதிவு செய்யப்பட்ட ஒரு குழு இல்லத்திற்கு அவற்றில் ஒன்று போதும். இறையியல் கல்லூரிகளில் ஆயர் பணிப் பாடத்தைப் படிக்கும் மாணவர், ஆற்றுப்படுத்தலின் கோட்பாடுகளோடு, சில வாரங்களேனும் அரசு மனநலப் பிரிவில் இருந்து பயில்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பெதஸ்தாவில் குணம் பெற்றவனை ஆண்டவர் பின்பு தேவாலயத்தில் கண்டார் என்று யோவான் எழுதுகிறார் (5:14). படுக்கையைச் சுமந்து சென்றவன் ஆராதிக்கும் மக்களின் நடுவே வந்து நின்றான். மனநோயிலிருந்து மீண்டு, மருந்தை உட்கொண்டபடியே ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்திற்கு வரும் ஒருவரின் அருகில் யார் அமர்கிறார்கள், அவருக்குத் திருவிருந்தில் இடம் எங்கே என்பதைச் சட்டம் எழுதித் தர இயலாது. அப்பகுதியை எழுதவேண்டியவர்கள் சபையாரே.